போருக்குப் பெயர் போர்தான்

2022 மார்ச்சில் மாஸ்கோவின் வட்டார மன்றக் கூட்டம் ஒன்றில் சிறுவர் ஓவியப் போட்டி பற்றிப் பேச்சு வந்தது. உக்ரைனில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கும்போது இங்கே ஓவியப் போட்டியா என்று கேட்டார் உறுப்பினர் அலெக்சேய் கோரினோவ். நடப்பதைப் போர் என்றே சொன்னார். ஜூலையில் 7 ஆண்டுச் சிறை விதித்தார்கள். தீர்ப்பு நாளில் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்ற அந்த 60 வயது மனிதர், ‘இந்தப் போர் இன்னும் வேண்டுமா உங்களுக்கு?’ என்று கையால் எழுதிய தாளை உயர்த்திப் பிடித்தார்.

ரஷ்ய அரசு வைத்த பெயர் ‘சிறப்பு ராணுவ நடவடிக்கை’. ராணுவத்தைப் பற்றிப் ‘பொய்’ பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை என்று மார்ச் 4-இல் சட்டமும் வந்தது. போரைப் போர் என்று சொல்லவிடாத ஆட்சி அறம் பிழைத்த ஆட்சி. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

தொல்காப்பியப் புறத்திணையியல் போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் வைத்தது. ஆநிரை கவர்ந்தால் வெட்சி, மண்ணாசையால் படையெடுத்தால் வஞ்சி, அரணை முற்றினால் உழிஞை, களத்தில் பொருதால் தும்பை, வென்றால் வாகை. மண்ணாசையை மண்ணாசை என்றே சொன்ன இலக்கணம் அது. புறநானூற்றின் 9-ஆம் பாட்டில் புலவர் நெட்டிமையார் காட்டும் மன்னன் முதுகுடுமிப் பெருவழுதியோ, அம்பு தொடுக்குமுன் பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியாளரும் பிள்ளைப்பேறு இல்லாதோரும் அரண் சேரட்டும் என்று அறிவிக்கிறான். போர் வருகிறது என்று யாராவது சொன்னால்தானே நோயாளி படுக்கையை விட்டு எழுந்து பாதுகாப்பான இடம் தேடுவான்?

மக்கள் பீதியடையக் கூடாதே என்பார்கள். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையே என்ற வள்ளுவரைத் துணைக்கு இழுப்பார்கள். பீதி தீய விளைவுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே அதிகாரம் தீங்கு சிறிதும் இல்லாத சொல்லே வாய்மை என்றல்லவா தொடங்குகிறது? போரின் பெயரை மறைப்பதோ தீங்கு செய்யும். அல்ஜீரியாவில் 1954 முதல் 1962 வரை நடந்த போரைப் பிரான்ஸ் ‘நிகழ்வுகள்’ என்றது. போரே இல்லையென்றால் போர்வீரர் ஏது? அங்கே அனுப்பப்பட்ட இளைஞர்கள் முன்னாள் போர்வீரர் அட்டை பெறும் உரிமைக்கு 1974 வரை காத்திருந்தார்கள். ‘அல்ஜீரியப் போர்’ என்று சட்டம் சொல்ல 1999 ஆயிற்று.

ரஷ்யாவில் அத்தனை காலம் ஆகவில்லை. 2022 டிசம்பர் 22 அன்று, இந்தப் போரை முடிப்பதே நோக்கம் என்று அதிபர் புதினே செய்தியாளர்களிடம் சொன்னார். அவர்மீது எந்தச் சட்டமும் பாயவில்லை. கோரினோவ் அன்றும் சிறையில்தான் இருந்தார்.