துண்டு வெட்டிய பிறகு

கிழக்குக் கரையோர ஊரான தம்பிலுவிலில் ஒரு முதியவர் பாரிசவாதத்தில் விழுந்தால் திருக்கோவில் ஆதார வைத்தியசாலைக்கோ, அங்கிருந்து அக்கரைப்பற்றுக்கோ கல்முனைக்கோ கொண்டு போவார்கள். வாட்டுக் கட்டிலுக்கும் வைத்தியருக்கும் காசு இல்லை. உயிர் தப்பியதும் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். இலவசம் பெரும்பாலும் அந்தத் துண்டோடு முடிந்துவிடுகிறது.

பிறகு வீடுதான். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை உடம்பைப் புரட்டிவிட வேண்டும், இராவிலும். தவறினால் இடுப்பில் புண் வைத்துவிடும். தலையை நிமிர்த்திப் பிடித்துக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாகப் பருக்க வேண்டும். அவசரப்பட்டால் புரையேறும். பம்பர்ஸ் கடையில் வாங்குவது.

இதையெல்லாம் செய்பவள் அநேகமாக மகள். இந்தக் கரையோரத்தில் தமிழ் ஊரானாலும் முஸ்லிம் ஊரானாலும் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மருமகன் அங்கே வந்து சேர்கிறார். பெற்றோரின் கடைசிக் காலமும் அநேகமாக அந்த வளவிலேயே கழிகிறது. எழுதாத காப்புறுதி என்றே சொல்லலாம். ஆனால் மகள் இல்லாதவருக்கும், மகள் மத்திய கிழக்கில் வேறொருவரின் தாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பவருக்கும் இது செல்லாது.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது என்கிறது. பிள்ளையற்ற, கைவிடப்பட்ட ஆதரவற்றோருக்கு அரசு தங்குமிடம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. கைவிடாமல், ஆனால் களைத்துப்போய் நிற்கும் மகளுக்கு இந்த ஏற்பாட்டில் இடமில்லை. 70 வயதைத் தாண்டிய வறிய முதியோருக்கான கொடுப்பனவு 2025இல் 5,000 ரூபாவானது. கடைத்தெருவுக்கு நடந்து போகிறவருக்கும் கட்டிலில் கிடப்பவருக்கும் அதே தொகைதான்.

இப்படிப் பிறர் உதவியின்றி இயலாதவர்களுக்கென்றே ஜெர்மனி 1995இலும், ஜப்பான் 2000இலும், தென்கொரியா 2008இலும் பராமரிப்புக் காப்புறுதியைத் தொடங்கின. இலங்கையில் அப்படியொன்று இல்லை. ஜெர்மனியில் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் குடும்பம் பணமாகவும் பெறலாம். ஜப்பானில் பெண்கள் பலர் அதை எதிர்த்தார்கள்: காசைக் கொடுத்தால் மருமகள் அந்தக் கட்டிலோடு கட்டுண்டு போவாள் என்பது அவர்கள் வாதம். கனமான வாதம்தான். ஆனால் பராமரிப்பாளர் வீட்டுவாசலுக்கு வருகிற நாட்டில்தான் அது நிற்கும். யாரும் வராத ஊரில் காசையும் மறுத்தால் மகளுக்கு மிஞ்சுவது புகழ்ச்சி மட்டுமே.

பெற்ற தாயைப் பார்க்கக் காசா என்று கேட்பவர்கள் உண்டு. வாட்டில் அதே தாயைத் துடைத்துவிடும் தாதிக்குச் சம்பளம் உண்டு; அதனால் அவள் இரக்கம் குறைந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் இராவில் எழும்பிப் புரட்டுகிறவர்களாகவும் பெரும்பாலும் இருப்பதில்லை.

முதியோர் இல்லம் பாவமல்ல. யாருமற்றவருக்கு அது சட்டம் தந்த உரிமை. ஆனால் பொதுப்பணம் முதலில் போக வேண்டியது இந்த மகளிடம்: அவள் பெயரிலேயே ஒரு கொடுப்பனவு, வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும் தாதி, அவள் நோயுற்றாலோ ஓய்வு கேட்டாலோ முதியவரை இரண்டு கிழமை ஏற்றுக்கொள்ள ஓர் இடம். திருக்கோவில் வைத்தியசாலையில் அதற்கென நான்கு கட்டில்களை ஒதுக்குவதிலிருந்து சுகாதார அமைச்சு தொடங்கட்டும்.