கேட்டது ஒன்று, வரைந்தது ஒன்று

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஓல்வேரா தெருவை 1930இல் சுற்றுலாப் பயணிகளுக்கான மெக்சிகோ சந்தையாக அலங்கரித்தார்கள். அங்குள்ள இத்தாலியன் ஹாலின் மாடிச் சுவரில் ‘வெப்பமண்டல அமெரிக்கா’வை வரைந்து தரும்படி 1932இல் மெக்சிகோ ஓவியர் சிகேய்ரோஸை அழைத்தார்கள். அழைத்தவர்கள் எதிர்பார்த்தது பனைமரங்களையும் கிளிகளையும் சிரித்த முகங்களையும். திறப்பு விழாவுக்கு முந்தைய இரவு உதவியாளர்களை அனுப்பிவிட்டு, காலியாக விட்டிருந்த நடுப்பகுதியை அவர் தனியாக வரைந்து முடித்தார். அக்டோபர் 9 அன்று கூட்டம் கண்டது, சிலுவையில் அறையப்பட்ட ஒரு பழங்குடி மனிதனை. அவன் தலைக்கு மேல் சிறகு விரித்த அமெரிக்கக் கழுகு. ஓரத்தில் துப்பாக்கியோடு பதுங்கிய இருவர்.

தெருவிலிருந்து தெரிந்த பகுதிக்கு முதலில் வெள்ளையடித்தார்கள். சில ஆண்டுகளில் முழுச் சுவரும் மறைந்தது.

ஓவியர் செய்தது நம்பிக்கைத் துரோகம் இல்லையா? கட்டில் கேட்டவர் வீட்டில் பாடையை இறக்கிவைக்கும் தச்சரை யாரும் மெச்ச மாட்டார்கள். பிடிக்காவிட்டால் வேலையையே ஏற்காமல் இருந்திருக்கலாம். அந்தக் குறையை அவர் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

ஆனால் அந்தத் தெருவை ஒட்டிய பிளாசா சதுக்கத்தில்தான் 1931 பிப்ரவரி 26 அன்று அதிகாரிகள் வழிகளை அடைத்து, சுமார் 400 பேரை மடக்கிக் குடியேற்றப் பத்திரம் கேட்டார்கள். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலையைப் பறிப்பவர்கள் என்று பழி சுமத்தி, மெக்சிகோ குடும்பங்களை ரயிலேற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளும் அதில் அடக்கம். அந்த மக்களின் தெருவில் அவர்களைச் சிரித்த முகத்தோடு வரைவதும் பொய்தான். அதைக் கேட்டவர்கள் வாங்க நினைத்தது அந்தப் பொய்யைத்தான். ஏமாந்த முதலாளிக்குப் பணத்தைத் திருப்பித் தரலாம். ரயிலேற்றப்பட்டவர்களுக்கு எதைத் தருவது?

இதே வாதத்தை நாளை வெறுப்பைக் கக்கும் படத்துக்கும் ஒருவர் எடுத்துவரலாமே என்ற கேள்வி நியாயமானது. அந்தப் படம் யாரை நோக்கிக் கை நீட்டுகிறது என்று பார்க்க வேண்டும். விரட்டப்படுகிறவர்கள் மீது எறியப்படும் கல்லும், விரட்டுகிறவர்களிடம் எழுப்பப்படும் கேள்வியும் ஒன்றாகாது. சுவர் தங்களுடையது என்பதால் வெள்ளையடித்தவர்களுக்குச் சட்ட உரிமை இருந்திருக்கலாம். பதில் சொல்ல வசதியும் வாய்ப்பும் இருந்தும் அவர்கள் பதில் சொல்லவில்லை. ஓவியரின் ஒளிவுமறைவைவிட இது பெரிய தவறு.

நீண்ட காலப் பாதுகாப்புப் பணிக்குப் பிறகு, 2012 அக்டோபர் 9 அன்று ஓவியம் மீண்டும் மக்கள் பார்வைக்கு வந்தது. மங்கிய உருவங்களுக்குப் புது வண்ணம் பூசவில்லை. அது சரியான முடிவு. பூசியிருந்தால் வெள்ளையடித்தவர்கள் செய்ததும் சேர்ந்து மறைந்திருக்கும்.