கிளி வளர்ப்பும் கருணையும்

ஓர் உயிரின் மீது நாம் கொள்ளும் பாசம், அவ்வுயிருக்கு நன்மையாகவே அமைந்துவிடுமா? இவ்வினாவை எழுப்பப் பெருந்தத்துவ நூல்கள் வேண்டியதில்லை. திண்ணையில் தொங்கும் ஒரு கிளிக்கூண்டே போதும்.

புதுச்சேரியில், சாரம் போன்று வீடுகள் நெருங்கிவிட்ட பகுதிகளிலும், முதிய மரங்கள் எஞ்சிய இடத்தில் பச்சைக்கிளிகள் வாழவே செய்கின்றன. செந்தார்ப் பைங்கிளி என்பது இதன் பெயர். கழுத்தில் உள்ள செவ்வளையம் ஆணுக்கே உரியது. அதுவும் மூன்றாம் ஆண்டளவில்தான் தெளிவாகத் தோன்றும். கூட்டமாக இரை தேடி, கூட்டமாகவே மரம் அடையும் பறவை இது. மரப்பொந்தில் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் ஏறத்தாழ 7 வாரம் தாய் தந்தையின் காவலில் வளர்ந்து, பிறகே சிறகு விரிக்கும். விற்பனைக்கு வரும் கிளிகளில் பல, அந்நாள் வருமுன்பே பொந்திலிருந்து எடுக்கப்பட்டவை.

“கிளி வளர்ப்பதை மார்க்கம் தடுத்துள்ளதா?” என்று நம் இல்லங்களில் கேட்பதுண்டு. அபூஉமைர் என்னும் சிறுவர் ஒரு சிட்டுக்குருவி போன்ற சிறு பறவையை வைத்து விளையாடியதும், அது இறந்தபோது பெருமானார் (ஸல்) அவர்கள் அக்குழந்தையிடம் பரிவுடன் உரையாடியதும் ஹதீஸில் உள்ளன. இதிலிருந்து அறுபது பயன்களைத் திரட்டித் தனி நூலே செய்தார் ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ். உணவும் நீரும் தந்து, துன்புறுத்தாது வளர்க்கலாம் என்று அறிஞர் பலர் இந்நிகழ்ச்சி கொண்டே கூறினர்.

ஆனால் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. பயணத்தின்போது தோழர்கள் சிலர் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டனர். தாய்ப்பறவை தவித்துச் சிறகடித்தது. அதன் துயரைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி பணித்தார்கள். இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. முன்னது, கைக்கு வந்த பறவையை எப்படிப் பேணுவது என்று கற்பிக்கிறது. பின்னது, அது கைக்கு எப்படி வந்தது என்று கேட்கச் சொல்கிறது. நாமோ முதற்பாடத்தைப் பற்றிக்கொண்டு, இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

“நான் பிடிக்கவில்லை, விலை கொடுத்துத்தானே வாங்கினேன்” என்பார் உளர். வாங்குபவர் இல்லையேல் பொந்தில் கை நுழையுமா? நாம் கொடுக்கும் பணம், அடுத்த பொந்துக்கு வழி காட்டும் கூலியாகிறது. “பாலும் பழமும் ஊட்டுகிறேனே” என்பாரும் உளர். பூனையை அடைத்துவைத்துக் கொன்ற பெண்ணைப் பற்றிய எச்சரிக்கையை நாம் அறிவோம். அவள் உணவும் அளிக்கவில்லை. தானே தேடி உண்ணும்படி விடவும் இல்லை. உணவளித்தலோடு, தன் இரையைத் தானே தேடும் உரிமையும் அங்கே நினைவூட்டப்படுகிறது என்பது சிந்திக்கற்பாலது.

மௌலானா ரூமியின் மஸ்னவியில் வரும் வணிகனின் கிளி இந்நாட்டைச் சேர்ந்தது. வணிகன் அதனிடம் அன்பு கொண்டவன்; ஊருக்குச் செல்லுமுன் என்ன பரிசு வேண்டும் என்று வினவியவன். ஆயினும், இறந்ததுபோல் நடித்த பிறகே அதற்கு விடுதலை கிட்டியது. அவனுடைய அன்பு எல்லாம் வழங்கிற்று. கதவைத் திறப்பது ஒன்றைத் தவிர!

நாட்டுச் சட்டமும் இன்று இதையே சொல்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றமாகும்.

எனினும், ஆர்வ மிகுதியால் இன்றே கூண்டைத் திறந்துவிடுவதும் கருணையாகாது. நெடுநாள் அடைபட்டு, சிறகு வெட்டுண்ட பறவை பூனைக்கும் காகத்துக்கும் இரையாகும். அதை வனத்துறையினரிடம் ஒப்படைப்பதே முறை. புதிதாக ஒன்றை வாங்காதிருப்பது அதனினும் எளிது.

பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று திருமறை உணர்த்துகிறது. கிளியின் குரலைக் கேட்டு மகிழ விரும்பும் நம் பிள்ளைகளுக்கு ஒரு மரத்தை நட்டுக் கொடுப்போம். பாசம் அங்கே பறவைக்கும் நன்மையாகும்.