வளைவு கூறும் சாட்சியம்

கண்ணுக்குப் புலனாகாத ஒன்றை, அது பிறிதொன்றின்மேல் நிகழ்த்தும் விளைவைக் கொண்டு அறிவது மெய்யறிவாகுமா, அன்றிக் காட்சிக்கு ஒரு படி தாழ்ந்த ஊகந்தானா என்னும் வினா நம் தருக்க நூலாசிரியர்களை நெடுங்காலம் ஆட்கொண்டிருந்தது. அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரை அளவையியலிலிருந்தே தொடங்கி, பலரும் விரித்துரைத்த பிரமாணங்களைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்கினார். வாயு உருவமின்றிப் பரிசம் மட்டும் உடையது எனத் தர்க்கசங்கிரகம் இலக்கணம் வகுத்தது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து கொங்குநாட்டை உலுக்கும் காற்றை மேனியால் அறிந்த ஈரோட்டுக்காரருக்கு அவ்விலக்கணம் எளிதில் விளங்கும்; ஆயின் தலைக்குமேல் பத்துக் கிலோமீட்டர் உயரத்துக் காற்றை எந்த மேனி தீண்டும்?

அதனைத் தீண்டிவரும் தூதாக வானொலி அலை இன்று வாய்த்திருக்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் உலவும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் இடங்காட்டுவதற்காக விடுக்கும் அலையைத் தாழ்ந்த பாதையில் சுற்றும் மற்றொரு கோள் ஏற்றுக்கொண்டிருக்கையில், முன்னது பூமியின் விளிம்புக்கு அப்பால் அஸ்தமிக்கும் அந்தச் சில நிமிஷங்களில், அலை வாயுமண்டலத்தை ஊடுருவிச் சற்றே வளைந்தும் தாமதித்தும் வந்து சேர்கிறது. தரையை அண்டிய இடத்திலும் அவ்வளைவு பெரும்பாலும் ஓரிரு பாகைக்கு மிகாது. எனினும் அணுக்கடிகாரம் காலத்தைப் பிசகாமல் காத்து நிற்பதால், அவ்வளைவிலிருந்து காற்றின் அடர்த்தியையும் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் படிப்படியாகக் கணித்துவிடுகிறார்கள். 1965-இல் செவ்வாய்க்குப் பின்னே மறைந்த மாரினர் 4, அக்கிரகத்தின் காற்று எத்துணை மெலிந்தது என்பதை இவ்வாறே உணர்த்தியது. 2011 அக்டோபர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த மேகா-டிராபிக்ஸும் இதற்கென ஓர் இத்தாலியக் கருவியை ஏந்திச் சென்றது.

நமக்கு இது அந்நியமான வித்தையன்று. கிராமங்களுக்குத் தொலைக்காட்சி வழங்கவென 1975-இல் இந்தியாவின் பக்கம் நகர்த்தப்பட்ட ஏ.டி.எஸ்.-6 கோள் 40, 140, 360 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் விடுத்த அலைகளை நம் அண்டையிலுள்ள உதகமண்டலத்தில் ஏற்று, அயனிமண்டலத்து எலெக்ட்ரான்களை அளந்தார்கள். இடத்தை அறிய விழைபவன் பிழையென்று கழித்துவிடும் அதே தாமதம், இடைநின்ற மண்டலத்தை அறிய விழைபவனுக்குத் தேடிய பொருளாகவே கிட்டுகிறது என்பதை நினைக்குந்தோறும் என் உள்ளம் வியப்பில் ஆழ்கிறது. தடையின்றி நேரே வந்த அலை அம்மண்டலத்தைப் பற்றி ஒரு செய்தியும் கூறியிராது. தோன்றி நின்று ஒடுங்கும் உலகத்தைக் கொண்டு கர்த்தாவை நிறுவிய மெய்கண்டாரின் நெறியும், காணப்பட்டதன் இயல்பைக் கொண்டு காணப்படாததை அடையும் நெறியே அன்றோ!

ஆயினும் அனுமானத்துக்கு ஆபத்து உண்டு. மூடுபனியைப் புகையென மயங்கியவன் மலைமேல் இல்லாத நெருப்பை ஊகிப்பான். பருவமழைக் காலத்தில் கீழ்க்காற்றில் நீராவி மிகும்போது, ஒரே வளைவு ஈரத்தாலும் நேரலாம், வெப்பநிலையாலும் நேரலாம். ஏது ஒன்று, காரணம் இரண்டு. அலை தனித்து நின்று அவற்றைப் பிரித்துரைக்க மாட்டாது. ஆகவே வானிலை அறிஞர்கள் முந்தைய கணிப்பை உரையளவையின் ஸ்தானத்திலும், மீனம்பாக்கம் போன்ற இடங்களில் பறக்கவிடும் பலூன் நேரே தீண்டிப் பெற்ற அளவைக் காட்சியின் ஸ்தானத்திலும் வைத்து, மூன்றையும் கூட்டியே முடிவு காண்கிறார்கள். பத்துக் கிலோமீட்டருக்கு மேலே, ஈரம் ஏறத்தாழ அற்றுப்போன குளிர்காற்றில், அத்துணைகள் பெரிதும் வேண்டாமலே வளைவின் சாட்சியம் நிலைபெறுகிறது. அங்ஙனம் கருதலால் பெற்ற வெப்பநிலையை உரைகல்லாகக் கொண்டு, பூமியை நேரே நோக்கும் பிற கோள்களின் காட்சிப் பிழைகளை இன்று திருத்தி வருகிறார்கள்.