படைப்பாளியின் ஐயமும் சொந்தக் குரலும்

படைத்தலில் ஈடுபடுவோர் அனைவரும் ஏதோவொரு நிலையில் ஐயத்துக்கு ஆட்படுகின்றனர். தாம் கூறப்போவது கூறத்தக்கதுதானா, அதனைக் கூறத் தமக்குத் தகுதி உண்டா, தம்மிலும் திறம்படப் பிறர் கூறிவிடவில்லையா என்னும் வினாக்கள் முதல் வரியை எழுதுமுன்னரே எழுகின்றன. ஏடும் எழுதுகோலும் கொண்டு இயங்கியோரை வருத்திய இவ்வையம், கைத்தொலைபேசியின் துணையுடன் காணொளி தயாரித்து இணையத்தில் வெளியிடும் இன்றைய இளந்தலைமுறையினரிடம் புதியதொரு கூர்மை பெற்றுள்ளது. தன் நூலை எத்தனை பேர் பாதியில் மூடிவைத்தனர் என்பது அன்றைய எழுத்தாளனுக்குத் தெரியவருவதில்லை. இன்றோ, பார்த்தோர் தொகையும் விரும்பியோர் தொகையும், எக்கணத்தில் விலகிச் சென்றனர் என்ற விபரமும் இலக்கங்களாகக் கண்முன் நிற்கின்றன. இந்நிலையில் தன்னைப் பற்றிய ஐயத்தை வெல்வது எவ்வாறு, சொந்தக் குரல் என்பது யாது என்னும் வினாக்கள் உளவியல் வினாக்கள் மாத்திரமல்ல, அறவியல் வினாக்களுமாகும்.

தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்க என்பதே பொதுவாக வழங்கப்படும் அறிவுரை. பாராட்டுப் பெருகப் பெருக ஐயம் தானாகவே அகலும் என்ற எடுகோள் அதனுள் அடங்கியுள்ளது. இவ்வெடுகோள் ஆராயத்தக்கது. 1978 இல் போலின் கிளான்ஸ், சுசேன் ஐம்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர், தத்தம் துறைகளில் வெற்றிபெற்ற 150 இற்கு மேற்பட்ட பெண்களுடன் தாம் பெற்ற அனுபவத்தை ஆதாரமாகக்கொண்டு கட்டுரையொன்றை வெளியிட்டனர். பட்டங்களும் பதவிகளும் வாய்த்திருந்தும், தமக்கு உண்மையில் ஆற்றல் இல்லை, பிறரை ஏமாற்றியே இந்நிலையை எய்தினோம் என்ற உணர்வு அப்பெண்களை விட்டு நீங்கவில்லை. பாராட்டு அவர்களின் ஐயத்துக்கு மருந்தாகவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதற்குக் காரணம், ஐயம் ஒரே தன்மையதன்று என்பதேயாகும். "இது உண்மையா, இதனைச் சரிவரக் கூறியுள்ளேனா?" என்பது ஒருவகை ஐயம். "என்னைப் பற்றி என்ன நினைப்பர்?" என்பது பிறிதொருவகை. முன்னையது பொருளை நோக்கியது. பின்னையது தன்னை நோக்கியது. முன்னையதற்கு விடை உண்டு. உழைப்பால் அதனைத் தேடி அடையலாம். பின்னையதற்கு முடிவான விடை ஒருபோதும் இல்லை. ஆயிரம் பேர் மெச்சினாலும் அடுத்த நாள் அது மீண்டும் தோன்றும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். வடமராட்சியைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி, தன் அம்மம்மா ஒடியற்கூழ் காய்ச்சுவதைப் படம்பிடித்து யூரியூப்பில் வெளியிடுகிறாள் எனக் கொள்வோம். முதற் காணொளியில் வீட்டில் பேசுமாறே பேசுகிறாள்; பார்ப்போர் மிகச் சிலர். தன் பேச்சே குறையென எண்ணி, அடுத்ததில் சென்னைத் தொலைக்காட்சி அறிவிப்பாளரின் தொனியையும் துள்ளலையும் மேற்கொள்கிறாள். தொகை கூடுகிறது, ஆயின் அவளுடைய ஐயம் குறையவில்லை, கூடுகிறது. விரும்பப்பட்டது தானா, தான் பூண்ட வேடமா என்பது அவளுக்கே விளங்கவில்லை. இதனிடையே முக்கியமான ஒன்று விடுபட்டுப்போகிறது. ஒடியல் மாவை ஏன் நீரில் ஊறவிட்டு வடிக்கவேண்டும், அதனாற் கசப்பு எவ்வாறு நீங்குகிறது, மீனும் நண்டும் பலாக்கொட்டையும் எந்த ஒழுங்கில் சேர்கின்றன என்பவற்றை அம்மம்மா கூறும்போது, பேத்தியின் கவனம் தன் முகம் திரையில் எவ்வாறு தெரிகிறது என்பதிலேயே நிலைத்துவிடுகிறது.

பிரெஞ்சு மெய்யியலாளர் ழான் போல் சார்த்தர் 1943 இல் வெளியிட்ட நூலில் உணவகப் பணியாளன் ஒருவனை வருணிக்கிறார். அவன் நடையில் விரைவு சற்று மிகை. குனிவில் ஆர்வம் சற்று மிகை. அவன் பணியாளனாக நடித்துக்கொண்டிருக்கிறான் என்கிறார் சார்த்தர். ஒரு பாத்திரத்தினுள் தன்னை அடக்கிவைத்துத் தன் சுதந்திரத்திலிருந்து மனிதன் ஒளிந்துகொள்வதை அவர் தன்னைத்தானே ஏமாற்றும் நிலையாகக் கண்டார். 'படைப்பாளி' என்னும் பாத்திரத்தை நடிப்பவனும் இந்நிலைக்கு ஆளாகக்கூடியவனே.

அவ்வாறாயின் தன் ஊர்ப் பேச்சுக்குத் திரும்பிவிடுதலே சொந்தக் குரலைப் பெறுதலாகுமா? இவ்வினாவுக்கு ஈழத்து இலக்கிய வரலாறு பயனுள்ள விடையொன்றைத் தருகிறது. 1960 களின் முற்பகுதியில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தின்போது, பேச்சுவழக்கைப் படைப்பிற் கையாளுதல் இழிவழக்கெனக் கண்டிக்கப்பட்டது. முற்போக்கு எழுத்தாளர்கள் அதனை வன்மையாக மறுத்தனர். உயர்கல்வி வாய்ப்பற்று, முடிதிருத்தும் தொழில் புரிந்துகொண்டே எழுதிய டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதி 1960 இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 1966 இல் அவர் 'மல்லிகை' சஞ்சிகையைத் தொடங்கினார். எழுதத் தகுதியற்றவரெனச் சமூகம் ஒதுக்கிய ஒருவர், தம் தகுதியை முதலில் நிறுவிவிட்டுப் பின்னர் எழுதவில்லை. ஒடுக்கப்பட்டோரின் வாழ்வு கூறப்படவேண்டியது என்ற உறுதியே அவரை எழுதவைத்தது. அவ்வுறுதிக்கு ஏற்ற மொழியாகவே பேச்சுவழக்கு அவ்வெழுத்தில் இடம்பெற்றது.

பிற்காலத்தில் மண்வாசனை ஒரு வாய்பாடாகி, நான்கு வட்டாரச் சொற்களைத் தூவிவிட்டாற் போதும் என்ற நிலையும் எழுந்தது. அவ்வெழுத்தில் ஊர்ச்சொல் இருந்தது, ஊர் இல்லை. அதுபோலவே இன்று 'இயல்பாயிருத்தல்' இணையச் சந்தையில் விலைபோகும் பண்டமாகியுள்ளது. கண்ணீரையும் தோல்வியையும்கூடக் கமெராவுக்கு ஏற்ப ஒழுங்குசெய்யலாம். ஆகவே பேச்சுவழக்கோ, எளிமையோ, மனந்திறந்த ஒப்புதலோ சொந்தக் குரலுக்குத் தம்மளவிற் சான்றாகா.

சான்றெனக் கொள்ளத்தக்கது வேறொன்று: பிழை சுட்டப்படும்போது படைப்பாளி நடந்துகொள்ளும் முறை. தன்னைப் பற்றிய ஐயத்தால் வருந்துபவன் பிழையை மறைப்பான். அது அவனுடைய முகத்துக்கு நேர்ந்த பழுது. பொருளைப் பற்றிய ஐயத்தை உடையவன் திருத்துவான். அது அவன் தேடிய உண்மைக்கு மேலும் ஓர் அடி. எவ்வித ஐயமும் அற்றவனோ இருவரிலும் ஆபத்தானவன். வதந்தியையும் வெறுப்பையும் தயக்கமின்றிப் பரப்புவோர் தன்னம்பிக்கையிற் குறைந்தவர்கள் அல்லர்.

எனவே ஐயத்தை அடியோடு ஒழித்தல் படைப்பாளியின் இலக்காதல் ஆகாது. அதன் திசையை மாற்றுதலே வேண்டப்படுவது. அந்த வடமராட்சிப் பெண் தன் குரல் நன்றாயிருக்கிறதா எனக் கேட்பதை விடுத்து, மாவின் கசப்பு நீங்கியதை அம்மம்மா எவ்வாறு அறிகிறார் எனக் கேட்கத் தொடங்கலாம். கூர்ந்து கேட்டு, விளங்காததை மீண்டும் கேட்டு, விளங்கியதைப் பிறர்க்கு விளங்குமாறு கூற முனையும்போது, அவள் தேடாமலே அவளுக்குரிய குரல் அமையும். பார்ப்போர் தொகை அப்போதும் குறைவாகவே இருக்கலாம். ஆயினும் அம்மம்மாவுடன் மறைந்துபோகக்கூடிய ஓர் அறிவு அங்கே பிழையின்றிப் பதிவாகியிருக்கும்.