உடையும் முதிர்ச்சியும்

வயது வந்தோர் குழந்தைகளைப்போல் உடுப்பது தகுமா என்னும் வினா இன்று பல நாடுகளில் எழுகின்றது. ஜப்பானியத் தலைநகராம் தோக்கியோவில் ஹராஜுக்கு என்றொரு பகுதி உண்டு. அங்கே வளர்ந்த பெண்டிர் சிலர் மணிபோல் விரிந்த பாவாடையும், லேஸ் பின்னலும், நாடா முடிச்சும் அணிந்து தலைநிமிர்ந்து நடப்பர். 1997-இல் தோன்றிய 'ஃபுரூட்ஸ்' என்னும் மாத இதழ் அத்தெருக்களில் உலவியோரின் படங்களை 2017 வரை வெளியிட்டு வந்தது. 2009-இல் ஜப்பானிய வெளிநாட்டமைச்சு இவ்வகை உடையணியும் பெண்ணொருவரைத் தன் பண்பாட்டுத் தூதர் மூவருள் ஒருவராக நியமித்தது. ஊரார் நகைத்த உடை நாட்டின் பெருமையாயிற்று!

ஆயினும், அரசு ஒப்பியதனால் மட்டும் ஒரு செயல் சரியாகிவிடாது, காரணம் வேண்டும். வயது வந்தோர்க்கு அடக்கமே அழகு என்பர் எதிர்ப்போர். அடக்கம் என்பது யாது? துணியின் நிறமா? பட்ட கடனைத் தீர்ப்பதும், சொன்ன சொல்லைக் காப்பதும், நோயுற்ற பெற்றோரைப் பேணுவதுமே முதிர்ச்சி. இவற்றைச் செய்வோர் நாடா கட்டினால் வரும் குறை என்ன? செய்யாதோர் கறுப்புக் கோட்டு அணிந்தால் வரும் நிறை என்ன?

குழந்தைமையின் குறை பொறுப்பின்மை. அதன் செல்வம் வியப்பும் மகிழ்ச்சியும். குறையை விடுவது வளர்ச்சி. செல்வத்தையும் சேர்த்தெறிவது வறுமை.

ஒன்று மட்டும் கருதத்தக்கது. பிறர் பார்க்கவேண்டுமென்றே அணிபவரும், பிறர் பார்ப்பரே என்று அஞ்சி அணியாதவரும் ஒரே எசமானனுக்கு அடிமைகள். தமக்கு உவந்ததை, எவர்க்கும் தீங்கின்றி, நாணாது உடுப்பவரே விடுதலை பெற்றவர். சிரிப்போர் சிரிக்கட்டும். அச்சிரிப்பில் ஏளனம் எவ்வளவு, ஏக்கம் எவ்வளவு என்பதை அவரவர் நெஞ்சே அறியும்.