பதினேழு மணித் தொலைவு

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் லண்டனுக்கும் எவ்வளவு தொலைவு என்று கேட்டால் இருவகையாக விடை கூறலாம். ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர் என்பது ஒன்று. ஏறத்தாழ 17 மணி நேரம் என்பது மற்றொன்று. 2018 மார்ச்சில் குவாண்டாஸ் நிறுவனம் வழியில் எங்கும் இறங்காத விமானத்தை இவ்விரு நகரங்களுக்கிடையே தொடங்கிற்று. முதல் விடை மாறுவதில்லை. இரண்டாவதோ காற்றின் திசைக்கே மாறுகிறது. லண்டனிலிருந்து திரும்புகையில் மேலைக்காற்று துணை நிற்பதால் நேரம் சற்றுக் குறையும். நம்மைச் சிந்திக்க வைப்பது இந்த இரண்டாம் விடையே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், பத்துப் பவுண்டு கட்டணத்தில் பிரித்தானிய மக்கள் ஆஸ்திரேலியாவில் குடியேற்றப்பட்டனர். ஈராண்டுக்குள் ஊர் திரும்ப விரும்பியவர் அரசு ஏற்ற பயணச் செலவைத் திருப்பிக் கட்டவேண்டும். கப்பற்பயணம் வாரக்கணக்கில் நீளும். 1947 டிசம்பரில் சிட்னியிலிருந்து லண்டனுக்கு விமானம் புறப்பட்டது உண்மைதான். டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்று இறங்கி இறங்கி நான்கு நாள்! கட்டணமோ உழைப்பாளிக்கு எட்டாக்கனி. அந்நாளில் தாய் இறந்தால் தந்தி வரும், மகன் அழுவான். ஏன் போகவில்லை என்று அவனை எவரும் கேளார். அவனுக்காகத் தொலைவே பதில் சொல்லிற்று.

இன்று அப்பதில் செல்லாது. மாலையில் ஏறினால் மறுநாள் விடியலில் லண்டன். 'போக முடியவில்லை' என்பது 'போகவில்லை' என்றாகிவிட்டது. அப்படியானால் விமானத்தின் வேகம் நம் கடமையையும் பெருக்கிவிட்டதா? ஆம் என்றே நாம் கருதுகிறோம். ஆயின் பெருகிய கடமை அடக்கத்திற்குப் போவதன்று. உயிரோடிருக்கையில் போய்ப் பார்ப்பது. எப்போது வேண்டுமாயினும் போகலாம் என்பதாலேயே போகாதிருப்போர் எத்தனை பேர்!

எல்லார்மீதும் இக்கடமையை ஒரே எடையாக ஏற்றவும் இயலாது. விடுப்புத் தராத முதலாளி, நோயுற்ற பிள்ளை, சீட்டின் விலை ஆகியவற்றை விமான அட்டவணை காட்டுவதில்லை. அதிலுள்ள 17 மணி விமானத்தின் கணக்கு, மனிதரின் கணக்கன்று.

2020 மார்ச்சில், கொள்ளைநோயை முன்னிட்டு, குடிமக்கள் சிறப்பு அனுமதியின்றி நாட்டைவிட்டுச் செல்ல ஆஸ்திரேலிய அரசு தடை விதித்தது. 2021 நவம்பரில்தான் அது நீங்கிற்று. கிலோமீட்டர் ஒன்றும் கூடவில்லை. எனினும் பலருக்கு லண்டன் 1947-ஐவிடத் தொலைவாயிற்று. அந்நாள்களில் பெற்றோரின் அடக்கத்தைத் திரையில் கண்டோர் உண்டு. அவருள் சிலருக்குத் துயரத்தினூடே ஓர் ஆறுதலும் இருந்திருக்கலாம். பழையபடி தொலைவே அவர்களுக்காகப் பதில் சொன்னதன்றோ? அதைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. குளிர்காலத்தில் லண்டனில் நண்பகல் என்றால் பெர்த்தில் இரவு எட்டு மணி. அடக்கம் முடிந்து திரை இருண்டபோது, இங்கே அடுத்த வீட்டார் உணவருந்திக்கொண்டிருந்திருப்பர்.